நாட்டின் கணக்கில் ஐந்து மீட்டர் நிலம்

கயிற்றைக் காணவில்லை. நான்கு முளைகளில் மூன்றையும் காணவில்லை.

அவலாஞ்சி போகும் சாலையோரம், மரகதத்தின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து போன வாரம்தான் தரணிதரன் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தான். தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர் அவன். அறுவடையின்போது அந்தச் சதுரத்தை மட்டும் தனியாகத் தோண்டி எடை போட வேண்டும். அந்த எடை ஊட்டிக்குப் போகும், சென்னைக்குப் போகும், கடைசியில் டெல்லிக்குப் போய், நாட்டில் இந்த வருஷம் எவ்வளவு உருளைக்கிழங்கு விளைந்தது என்ற கணக்கில் சேரும்.

நாற்காலியை விட்டு எழாமலே எடை போட்டுவிடுகிறவர்களும் உண்டு. மனைவி இறந்ததிலிருந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த தரணிதரன், இந்த ஒன்றுக்கு மட்டும் தலையாட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். ஓர் எண்ணாவது உண்மையாக இருக்கட்டும்.

கயிறு மரகதத்தின் கன்றுக்குட்டி கழுத்தில் இருந்தது.

"நல்ல கயிறுங்க சார். மண்ணுல கெடந்து வீணாப் போவுதேன்னு எடுத்தனுங்க," என்றாள்.

இனி யாரும் தொடக்கூடாது என்று, புது முளைகளை அடித்து, நுனியில் சிவப்புத் துணி கட்டினான். யாரும் தொடவில்லை. அடுத்த முறை வந்தபோது முளைக்கு ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நடுவில் கற்பூரம் எரிந்த கரி. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தார்கள். மற்ற பாத்திகளுக்குச் செய்வதையே இதற்கும் செய்ய வேண்டும் என்று அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், கால் வைக்கப் பயந்து மரகதம் அங்கே மட்டும் களையெடுக்காமல் விட்டிருந்தாள்.

துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பலகை நட்டான். அரசு ஆய்வு நிலம், அனுமதியின்றித் தோண்டினால் நடவடிக்கை. எலுமிச்சம்பழம் செருகுவது நின்றது. மரகதத்தின் தூக்கமும் போனது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறதா என்று தினமும் போனில் கேட்டாள். இல்லை என்று தினமும் சத்தியம் செய்தான்.

செடி காய்ந்து, தண்டை அறுத்துப் போட்ட பிறகு, பெருமழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். தோண்டிவிடலாமா என்று மரகதம் கேட்டபோது அவன் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"மத்ததைத் தோண்டிக்குங்கக்கா. அந்தச் சதுரத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் வந்து தோண்டும்போது உள்ள கெழங்கு இருக்கோணும். இல்லீன்னா மேல எழுதிருவேன்."

மழை விட்டதும்தானே வருவீர்கள் என்று மரகதம் கேட்டுக்கொண்டாள்.

"இருக்குமுங்க," என்றாள்.

மழை ஊற்றித் தீர்த்தது. கிழங்கெல்லாம் அழுகியிருக்கும், போன வருஷத்து எடையையே போட்டுவிடு என்றார் மேலதிகாரி. தரணிதரன் மறுத்தான். மழை விட்டதும் கிளம்பினான். வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, எடை மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு மிச்ச வழியை நடந்தான். தோட்டம் சேர்ந்தபோது அவன் ஷூவுக்குள்ளேயே அரைப் பாத்திக்குத் தேவையான மண் இருந்தது.

மரகதம் டீ போட வீட்டுக்குள் போய்விட்டாள். கூலிக்கு வந்திருந்த பிலோமிதான் கொத்தை எடுத்துத் தோண்டினாள்.

அழுகல் இல்லை. பச்சை பாய்ந்தது இல்லை. எல்லாம் கைக்கு அடங்கிய ஒரே அளவு. ஒன்றில்கூடக் கொத்து பட்ட காயமில்லை. பிலோமியின் கைவாகை அவன் மனதாரப் பாராட்டினான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

எழுபத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.

நம்ப மாட்டார்கள், ஐம்பது என்று போடு என்றார் போனில் மேலதிகாரி. ஒரு கிராம்கூடக் குறைக்க முடியாது, வேலையே போனாலும் சரி என்றான் தரணிதரன். அங்கேயே வரப்பில் நின்று செல்போனில் எண்ணை ஏற்றி அனுப்பினான். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"அக்கா, நீங்க தோண்டின கெழங்கு இந்தியாவோட கணக்குல சேந்தாச்சு," என்றான் பிலோமியிடம்.

பிலோமி கொத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அது குஜராத்துலயே சேந்திருக்குமுங்க சார், மழைக்குப் பயந்து மரகதக்கா இங்கத்ததை மொத்தமாத் தோண்டி வித்துப்போட்டு, நீங்க மேல எழுதிருவீங்கன்னு மேட்டுப்பாளையம் மண்டியில ரெண்டு மூட்டை குஜராத்துக் கெழங்கு வாங்கியாந்தாங்க, செம்மண்ணுல பெரட்டி முந்தாநேத்து நாந்தான் பொதைச்சேன்."