மங்கைஜெனின் காலமான விவரம்

மண்டபம்,
14.3.91, வியாழன்.

இல்லை சித்தி, மாவு கெட்டுப்போகவில்லை. வண்டு விழவில்லை. பஸ்ஸில் கொட்டவும் இல்லை. நன்றாக இருந்தது. அதுதான் என் கஷ்டம்.

வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். உத்தரகோசமங்கை நாகலெட்சுமிச் சித்தியின் பாதங்களுக்கு அக்காள் மகள் பூமயில் வணங்கி எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் சித்தப்பாவும் புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும். கூத்தையா சித்தப்பாவுக்கு ஒரு விண்ணப்பம்: இந்தக் கடிதத்தைத் தெருவில் நின்று உரக்கப் படிக்க வேண்டாம். போன கடிதத்தை நீங்கள் படித்த பிறகு டீக்கடையில் எனக்கு 'மாவு டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டதாக அய்யா எழுதியிருந்தார். இதில் பெண்கள் சமாச்சாரமும் இருக்கிறது. சித்திக்கு மட்டும், மெதுவாக.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று இன்னொரு தடவை சொல்கிறேன். "மாவு சலிக்கிறதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?" என்று அய்யா கேட்டார். கிட்டத்தட்ட ஆமாம். அரைத்த பிறகு தானியத்துக்கு முகம் கிடையாது. குதிரைவாலி மாவில் மைதாவைக் கலந்து ஒருவன் விற்றால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு தானியத்தின் கொழுப்பிலும் ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் கொஞ்சம் உண்டு. எது, எவ்வளவு என்பது தானியத்துக்குத் தானியம் மாறும். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் இது இன்ன மாவு என்று சொல்லிவிடலாம்.

பிரிக்கிற விதம் எளிமையானது. கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பசையைப் பூசிக் காயவைப்பேன். தட்டின் அடியில், மாவிலிருந்து எடுத்த சாற்றால் ஒரு பொட்டு. தட்டை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் நிறுத்துவேன். ஜாடியின் அடியில் கொஞ்சம் கரைப்பான். அது தட்டில் தானாக மேலே ஏறும். பொட்டையும் இழுத்துக்கொண்டு ஏறும். பொட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் போய் அதனதன் இடத்தில் நின்றுவிடும். அமிலம் தெளித்துச் சூடு காட்டினால் நின்ற இடமெல்லாம் நிறம் வரும். இதற்குப் பெயர் குரோமட்டோகிராபி. சேர்ந்து கிளம்பியவர்கள் பிரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. எனக்குப் பொருத்தம் என்று நினைத்தேன்.

இதற்கு முதலில் வேண்டியது, எதுவும் கலக்காத மாவு. எது குதிரைவாலி என்று தெரிந்தால்தானே எது குதிரைவாலி இல்லை என்று சொல்ல முடியும். அதனால்தான் நம் காட்டுக் குதிரைவாலியைக் கேட்டேன். கடையில் வாங்கியிருக்கலாம். கடைக்காரனை நம்பவில்லை. உங்களை நம்பினேன்.

முதல் தடவை நீங்கள் மில்லில் கொடுத்து அரைத்து அனுப்பினீர்கள், ஆனால் நம் ஊர் மில்லில் மாசி மாதம் மிளகாய் அரைக்காத நாள் எது, உங்களுக்கு முன்னால் பஞ்சம்மாள் அக்கா வருசத்துக்கான முண்டு மிளகாயை அரைத்துவிட்டுப் போயிருக்கிறது, நான் சாறு எடுக்கும்போதே இளஞ்சிவப்பு, தட்டில் ஏற்றினால் சிவப்பாக ஒரு கோடு, என் பேராசிரியர் சதக் சார் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒங்க ஊருக் குதிரைவாலி வெக்கப்படுது?" என்று கேட்டார், எனக்கு அழுகை வந்தது, கண்ணைத் துடைத்தேன், கையில் அந்த மாவு, அதற்குப் பிறகு நிஜமாகவே அழுதேன். மிளகாய் வேண்டாம் என்று எழுதினேன், நீங்கள் மில்காரரிடம் சண்டை போட்டு, மிஷினைச் சுத்தம் பண்ண நம் வழக்கப்படி இரண்டு கை பச்சரிசியைப் போட்டு ஓட்டி, அதோடு நிறுத்தியிருக்கலாம், அந்த அரிசி மாவை வீணாக்க மனம் வராமல் அதையும் சேர்த்தே கட்டி அனுப்பினீர்கள், தட்டில் அரிசியும் குதிரைவாலியும் கைகோத்துக்கொண்டு நின்றன, சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். மில்லே வேண்டாம், வீட்டுத் திருகையைக் கழுவிக் காயவைத்து அரையுங்கள், எதையும் சேர்க்காதீர்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். கண்டக்டர் சின்னக்கருப்பன் அண்ணன் மஞ்சள் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, ஒங்க சித்தி சொல்லச் சொன்னாக. இது சுத்தமான மாவாம். ஒண்ணுமே போடலியாம். பஸ்ஸ எடுக்குற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாக. நான் கேக்கவே இல்ல."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த மாவைத் தட்டில் ஏற்றினேன். வழக்கமான ஊதாப் பொட்டுகள் வந்தன. அவற்றுக்குக் கொஞ்சம் கீழே மஞ்சளும் பச்சையுமாக இன்னொன்று. புத்தகத்தில் இல்லாத இடம். புத்தகத்தில் இல்லாத நிறம். மறுபடி ஏற்றினேன். மறுபடி வந்தது. இராமநாதபுரம் சந்தையில் வாங்கிய குதிரைவாலியை ஏற்றினேன். அதில் இல்லை. நம் குதிரைவாலியில் மட்டும் இருந்தது.

சார் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இது புதுசும்மா" என்றார். பிறகு, "அந்த மண்ணுல இருக்கும்மா. மானம் பாத்த பூமி. தண்ணி இல்லாத பயிரு தன்னக் காப்பாத்திக்கிட என்னத்தையாவது உண்டாக்கும்" என்றார். அவர் அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஊர்ப் பெயரிலிருந்து எடுத்து 'மங்கைஜெனின்' என்று கரும்பலகையில் எழுதினார். அழிக்கக் கூடாது என்று பக்கத்தில் எழுதினார். மதுரையில் வருகிற வியாழன் ஒரு கருத்தரங்கு. அதற்கு, 'உத்தரகோசமங்கைக் குதிரைவாலியில் ஒரு புதிய ஸ்டீராய்டு' என்று ஆய்வுச் சுருக்கம் போய்விட்டது. அதில் என் பெயர் முதலில். இந்த ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லாரும் கடற்பஞ்சு, கடல் விசிறி, கடல் அட்டை. நான் ஒருத்திதான் மாவு. இதுவரை என் மேஜையைச் சுவரோரம் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அந்த வாரம் உதவியாளர் தவசி அண்ணன் கால் ஆடாத நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "புதுசு கண்டுபுடிச்ச பிள்ள ஆடிக்கிட்டா ஒக்காரும்?"

சித்தி, நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. கடற்கரையில் தனியாக நடந்தேன். நம் கரிசல் காட்டை நினைத்தேன். அது ஒரு ரகசியத்தை எனக்காக வைத்திருந்ததாக நினைத்தேன்.

நேற்று என் அறைத்தோழி காலிதா, வெளியே சாப்பிடப் போக அலுப்பாக இருக்கிறது என்று மிச்ச மாவில் கஞ்சி காய்ச்சினாள். பாம்பன்காரி, இங்கே கடல் அட்டையில் ஆராய்ச்சி செய்கிறாள். கொதி வந்ததும் அடுப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏடி பூமயிலு, நோம்பு தொறக்குற கஞ்சி மாதிரியில்ல மணக்குது. இதுல வெந்தயம் போட்டது யாரு?"

"வெந்தயமா?"

"வெந்தயந்தான். வறுத்து அரச்சிருக்காக. எங்க உம்மா போடுறத விடக் கூட."

நான் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது.

இத்தனை நாளும் வாசனை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அடுத்த மேஜையில் காலிதா கடல் அட்டையை வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அறையில் யாருக்கும் மூக்கு இல்லை.

வெந்தயத்தில் டயோஸ்ஜெனின் என்று ஒரு ஸ்டீராய்டு இருப்பது உலகத்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சாரும் நானும் அந்தப் பொட்டைக் கடலில் இருக்கிற பொருளோடெல்லாம் ஒப்பிட்டோம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடத் தோன்றவில்லை. இன்று காலை கடையில் வெந்தயம் வாங்கி, அரைத்து, சாறெடுத்து, மாவின் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றினேன். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், அக்காள் தங்கை மாதிரி நின்றன. மங்கைஜெனின் காலமாகிவிட்டது.

ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தெரியும். தை மாதம் வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மாதா மாதம் இப்படித்தான் என்றேன். நீங்கள், "சூடுத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். கேட்டது காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. வறுத்து, ஆறவைத்து, கூடவே அரைத்து, ஒண்ணுமே போடலை என்று கண்டக்டர் வரைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். "சோதிச்சிட்டு மிச்சத்தத் திங்கத்தான போற, வெறும் மாவ எப்படித்தா குடுத்து விடுறது" என்று நீங்கள் சொல்வது இங்கே மண்டபத்தில் எனக்குக் கேட்கிறது. கடலையும் மீறிக் கேட்கிறது.

நம் வீட்டிலிருந்து எதுவும் தனியாக வருவதில்லை. கூட வருவதைத்தான் நான் எதிலிருந்தும் பிரிக்க முடியாமல் இருக்கிறேன். இதற்கு ஒரு தட்டும் இல்லை. ஒரு கரைப்பானும் இல்லை.

நாளைக் காலை சாரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பத்து வருசமாக அவர் கருத்தரங்குகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இந்த வருசம்தான் மேடை. அவர் ஏறி நின்று, வெந்தயத்தைப் புதிய பொருள் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் அவரிடம் மறைத்தால் அதுதான் நடக்கும். சொன்னால் என் ஆய்வில் பாதி போய்விடும். சித்திரைக்குள் முடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அய்யாவின் உத்தரவு. வந்தால் என்ன செய்வேன்? மாவு சலிப்பேன்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இனிமேல் மாவு அனுப்பாதீர்கள். அரைக்காதீர்கள், வறுக்காதீர்கள், புடைக்கக்கூடச் செய்யாதீர்கள். களத்தில் கிடக்கிற குதிரைவாலியை உமியோடு, தூசியோடு, அப்படியே ஒரு படி அள்ளிக் கட்டுங்கள். பைக்குள் வேறு எதுவும் வேண்டாம். சுக்கு வேண்டாம். கோயில் திருநீறு வேண்டாம். என் உடம்பைப் பற்றி நினைக்காமல் கட்டுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பஞ்சம்மாள் அக்காவுக்கும், அதன் மிளகாய்க்கும் வணக்கம். கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்ததாகச் சொல்லவும். மங்களநாதர் சன்னதிக்குப் போனால் எனக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளாதீர்கள். வேண்டும்போதும் கூட எதையாவது சேர்த்துவிடுவீர்கள்.

உங்கள் கீழ்ப்படிந்த மகள்,
பூமயில்.

பி.கு.: வெள்ளி மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் சாரிடம் சொன்னேன். இரண்டு பொட்டும் இருந்த தட்டைக் காட்டினேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. இருந்த இடத்திலேயே பார்த்தார். எழுந்து போய்க் கரும்பலகையில் மங்கைஜெனினை அவரே அழித்தார். 'அழிக்கக் கூடாது' என்பதை மட்டும் விட்டுவிட்டார். மறந்திருப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "எவ்வளவு போட்டாங்க?" என்றார்.

"ஒரு கை இருக்கும் சார்."

"யாரு கை?"

"சித்தி கை."

"சித்தி கைன்னா எத்தன கிராமும்மா?"

நான் என் கையைக் குவித்துப் பார்த்தேன்.

"மாவுல கலப்படம் இருந்தா காட்டிக் குடுக்கும்னுதான இந்த முறைய எடுத்தோம்?" என்றார். "அது மூணு தடவையும் காட்டிக் குடுத்திருச்சு. நாமதான் நம்பல." சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சுருக்கத்தின் தலைப்பை அடித்துவிட்டு, 'குதிரைவாலி மாவில் கலந்திருக்கும் வெந்தயத்தைக் கண்டறிதல்' என்று எழுதினார். புதிய கண்டுபிடிப்புக்கு ஒதுக்கிய மேடை இதற்குக் கிடைக்காது. மதியத்துக்கு மேல், சின்ன அறையில், பத்து நிமிஷம் தருவார்கள் என்றார். "நீ பேசு. நான் கடைசி வரிசையில ஒக்காந்துக்கிறேன்."

எனவே சித்தி, மேலே எழுதியதில் வணக்கத்தையும் கன்றுக்குட்டியையும் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உமியோடு வேண்டாம். மாவாகவே வேண்டும். வெந்தயம் சேர்க்க வேண்டும். எப்போதும் சேர்ப்பது மாதிரி, என் உடம்பை நினைத்துக்கொண்டு, உங்கள் கையால். ஒவ்வொரு தடவையும் மாவில் போடுவதற்கு முன்னால் அந்தக் கையை என்னிடம் நீட்ட வேண்டும். எத்தனை கிராம் என்று நான் நிறுத்துக்கொள்வேன். தபால் போய்ச் சேர நேரமில்லை. இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். நான் திரும்பிப் போன பிறகு சித்தப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள்.

காலிதா அந்த மாவில் இன்று மறுபடி காய்ச்சிய கஞ்சியைக் குடித்தேன். தராசைப் பழைய தாவணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.