இரண்டு மில்லிமீட்டர் காது

மூன்றாவது படத்தில் மனைவியின் மூக்கைக் காணவில்லை.

சர்வேயர் ஈரம் சொட்டும் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை தேடினார். கண் இருந்தது. வாய் மாதிரி ஒன்றும் இருந்தது. நடுவில் வெறும் வெளிச்சம். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவர், எவன் வேலி அரை அடி தள்ளி நின்றாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவர், சொந்த மனைவியின் மூக்கைத் தொலைத்துவிட்டு நின்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். கூடத்தில் அந்தக் காலத்து ஸ்டூடியோ படம் ஒன்று மாட்டியிருந்தது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைச் சாய்த்துக் கீழே பார்க்கிறாள். பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல எல்லாமே மங்கல், ஆனால் எல்லாமே அழகு. பின்னால் இருட்டில் நிற்கும் மாப்பிள்ளை ஒரு கோட்டும் மீசையுமாகத்தான் தெரிவார். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. பெண் போர்த்தியிருக்கும் சால்வையும் அவருடையதே. வருகிற ஜோடிக்கெல்லாம் அதையேதான் மாட்டிவிடுவார். படம் எடுத்த மறுநாளே சர்வேயருக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் போய் வாங்கி வந்தார்.

அதே மாதிரி இன்னொரு படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் பக்கத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக ஒரு பழைய மரப்பெட்டிக் கேமராவைத் தேடிப் பிடித்தார். கூடவே பித்தளையில் கனமான லென்ஸ் ஒன்று. கூர்மையாகப் படம் பிடிக்க ஊர் உலகமெல்லாம் லென்ஸ் செய்துகொண்டிருக்க, இது வேண்டுமென்றே மங்கலாகப் பிடிக்கச் செய்த லென்ஸ். முன்னால் ஒரு வளையம், அதில் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண்கள். ஐந்துக்குத் திருகினால் முகத்தைச் சுற்றி ஒளி கசியும் என்று விற்றவர் சொன்னார். மூக்கு கரையும் என்று சொல்லவில்லை.

சரி, மங்கல்தானே தப்பு என்று வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, லென்ஸின் வாயையும் ஊசித் துவாரம் அளவுக்குச் சுருக்கி நாலாவது படம் எடுத்தார். மூக்கு திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. நெற்றியில் நாலு கோடு, கண்ணோரம் எட்டு, கழுத்தில் எண்ண முடியாதவை என்று பரிவாரத்தோடு வந்தது.

மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இது யாரு, உங்க பெரியம்மாவா?”

“நீதான்மா. லென்ஸ் கொஞ்சம் உண்மையா பேசிடுச்சு.”

அன்று முழுக்க அவரோடு பேசாமல் இருந்தாள். அவர் லென்ஸைத்தான் சொன்னார், ஆனால் அடி வாங்கியது அவர்.

ஐந்தும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம், நடுவில் நிற்போம் என்று மூன்றுக்குத் திருப்பினார். இந்த லென்ஸில் ஒரு குணக்கேடு உண்டு. வாயைத் திறந்து வைத்து ஃபோகஸ் பார்த்துவிட்டு அப்புறம் சுருக்கினால் ஃபோகஸ் தானாகப் பின்னால் நகர்ந்துவிடும். அது தெரியாமல் ஐந்தாவது படத்தை எடுத்தார். மனைவி ஆவி போல நிற்க, பின்னால் இருந்த திரைச்சீலையின் நூல் நூலாகத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, துணியை இவ்வளவு சுத்தமாக யாரும் படம் பிடித்ததில்லை என்று மனதாரப் பாராட்டினார்.

அவரே ஒரு யோசனையும் சொன்னார். அந்தக் காலத்தில் லென்ஸ் மேல் வலைத்துணி கட்டித்தான் எடுப்பார்களாம். சர்வேயர் கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக் கொசுவலையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிக்கொண்டார். ஆயிரம் கண்ணுள்ள வலையில் ஒரு கண் கூடினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தார். கொசுவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை மனைவி இடது கன்னம் வீங்கி எழுந்து வந்தாள். ஆறாவது படத்தில் வலைத்துணி எல்லாவற்றையும் மென்மையாக்கியிருந்தது, அந்த வீக்கத்தைத் தவிர.

வீக்கம் வடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் சர்வேயர் சும்மா இருந்திருக்கலாம். பழைய படத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, டிவைடரை எடுத்து, தாடைக்கும் காதுக்கும் நடுவில் அளந்தார். புதுப் படங்களிலும் அளந்தார். கணக்கு உதைத்தது. சாய்வை மாற்றிப் பார்த்தாலும் உதைத்தது. கடைசியில் டிவைடரோடு சமையலறைக்குப் போனார்.

“உன் காது ரெண்டு மில்லிமீட்டர் மேல ஏறியிருக்கும்மா.”

“நாப்பது வருஷமா உங்க பேச்சைக் கேக்குது. பயந்து ஏறியிருக்கும்.”

அதோடு விட்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அவர் விடவில்லை. தாடையைக் கீழே இறக்கு என்றார், இடது தோளைத் தூக்கு என்றார். மைத்துனரைக் கூப்பிட்டுக் கோட்டு மாட்டிப் பின்னால் நிறுத்தி, அக்காவின் தலையைப் படத்தில் தெரியாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கிய மனைவியையும் மச்சானையும் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். மனைவிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து எட்டு எண்ணுவதற்குள் நாற்காலி காலியாகியிருந்தது. ஏழாவது படத்தில் மைத்துனர் மட்டும் காற்றைப் பிடித்தபடி நின்றார்.

“அந்தப் பொண்ணையே எங்கிருந்தாவது கூட்டிட்டு வந்து உக்கார வைங்க,” என்றாள் மனைவி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு. “நான் அவ இல்லை. எனக்கு வயசாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க படத்தோட கொண்டாடுங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சர்வேயர் சமாளித்திருப்பார். சந்தோஷப்படுத்த ஆரம்பித்த காரியம், பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. மைத்துனர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று நழுவினார்.

சர்வேயர் கேமராவைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல், நாற்பது வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். கல்யாணமான முதல் நாலு வருஷம் அவர் முகாம் முகாமாக அலைந்தபோது, கைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் படம் அவர் பெட்டியில்தான் இருந்தது. சாயங்காலம் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு அதை எதிரில் சாய்த்து வைத்துக்கொள்வார். அன்று யார் திட்டினார்கள், எங்கே வழுக்கி விழுந்தார், ஊருக்குத் திரும்ப எவ்வளவு ஆசையாக இருக்கிறது, எல்லாம் அந்த முகத்திடம் சொல்வார். எதிரில் வந்தால் வெட்கத்தில் வாய் வராதே, அதனால்.

“இதை ஒரு கடிதாசியில எழுதியிருக்கலாம்ல?”

“எழுத வரலை. உன் முகத்தைப் பாத்தா பேச வந்துச்சு.”

அந்த நாலு வருஷம் அவர் கடிதத்தில் எழுதியதெல்லாம் மழை அளவும் உடம்பு சௌக்கியமும்தான். அதைப் படித்துப் படித்து அவள் அழுத கதை அவருக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாகவே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“எடுங்க. ஆனா அந்த டிவைடரை உள்ள வெச்சுட்டு வாங்க.”

வைத்துவிட்டு வந்து, கேமராவைத் திரும்பப் பூட்டினார். வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. மூடியைத் திறந்தார். முதல் கடிதத்தில் “இங்கு மழை இரண்டு அங்குலம்” என்று எழுதியிருந்தீர்களே என்று அவள் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்ததில் எண்ணுவதை மறந்துபோனார்.

எட்டாவது படம் அவருக்கே நம்ப முடியாதபடி வந்தது. சுருக்கம் எல்லாம் இருந்தது, ஆனால் ஒளிக்குள் இருந்தது. சிரித்ததில் அசைந்த தலை லேசாகக் கரைந்து, அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பழைய படத்துக்கும் இதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று சர்வேயர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அளவை விட்டுக்கொடுத்தார். மனைவியும் நெடுநேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். அவள் வாயில் அது பெரிய சான்றிதழ்.

சனிக்கிழமை காலை இரண்டு படங்களுக்கும் ஒரே மாதிரி சட்டம் போட, இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். பழைய ஸ்டூடியோ இருந்த தெருவிலேயே புதிதாகத் திறந்திருந்த சட்டக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தை எடுக்காமல் நின்றாள். புதுப் படத்தைப் பார்த்தாள். அப்புறம் மனைவியைப் பார்த்தாள்.

சர்வேயருக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான், நடுவில் நாற்பது வருஷம் என்று விளக்கினார். லென்ஸைப் பற்றியும் வளையத்தைப் பற்றியும் சொன்னார். பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவில் எடுத்தது, கோட்டுகூட அவர்களுடையதுதான் என்றார்.

“அம்மா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்களேன்,” என்றாள் கடைக்காரப் பெண்.

மனைவி திரும்பினாள். அந்தப் பெண் அவள் காதையும் தாடையையும் நன்றாகப் பார்த்தாள். ஏதோ ரொம்ப நாள் பழகிய முகத்தைப் பார்ப்பவள் போலப் பார்த்துவிட்டு, பழைய படத்தைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள்.

“இது எங்க அப்பா அம்மா, சார். உங்க படம் எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. மாறிப்போச்சுன்னு எங்கம்மாவுக்கு அப்பவே தெரியும், ஆனா ‘இந்தப் பொண்ணு என்னைவிட லட்சணமா இருக்கா, யார் தேடி வந்தாலும் கொடுத்துடாதே’ன்னு சொல்லி வெச்சிருக்காங்க.”