துரை கேட்ட பௌலிங் ஆலி

கிள்ளான் ஸ்டேஷன் டெலிபோனில், ஈப்போவிலிருந்து துரை கத்தியது கிரிகரிக்குப் பாதிதான் கேட்டது. மீதியைக் கம்பியின் கரகரப்பு தின்றுவிட்டது.

"கிளாங்... பௌலிங் ஆலி... வெரி குட்... சனிக்கிழமைக்கு முன்னாடி... எப்படியாவது..."

"எஸ் சார்! எஸ் சார்!" என்றான் கிரிகரி. துரையிடம் புரியவில்லை என்று சொல்லும் வழக்கம் ஈப்போ ஆபீஸில் யாருக்குமே கிடையாது.

கடைசி வாக்கியம் மட்டும் பளிச்சென்று கேட்டது. "இதை முடிச்சிடு, கிரிகரி. பெரிய கிராணி வேலை உனக்குத்தான்!"

வருஷா வருஷம் ஈப்போ துரைமார்கள் கிள்ளானுக்கு வந்து கிரிக்கெட் ஆடித் தோற்றுப் போவார்கள். அவர்களுக்கு அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய முன்கூட்டியே வந்து சேருவது கிரிகரியின் வேலை. கிரிக்கெட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நடுவில் டீ கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

பெரிய கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர்; சாதாரண விஷயமில்லை. கிரிகரி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ரோசலினின் அப்பா, "பெரிய கிராணிக்குத்தான் என் பொண்ணு" என்று கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டார். அதே ஆபீஸில் ஜெயராஜ் என்ற இன்னொரு கிராணியும் அதே வேலைக்கும் அதே ரோசலினுக்கும் காத்திருந்தான். ரோசலின் அவன் வீட்டில் காப்பி ஆற்றுவதை நினைத்தாலே கிரிகரிக்கு வயிறு எரிந்தது.

அக்கா பெர்னடெட்டின் வீடு கிள்ளானில்தான். அக்காவின் புருஷன் செபாஸ்டியனுக்குச் சரக்கு ஆபீஸில் வேலை. தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வராது.

"பௌலிங் ஆலியா? ரொம்ப சிம்பிள் மாப்ளே. பௌல்னா என்ன? மங்கு. நாம கஞ்சி குடிக்கிற மங்கு. ஆலின்னா சந்து. பாசாருக்குப் பின்னாடி சீனனுங்க மங்கு விக்கிற சந்து இருக்குல்ல? அதைத்தான் துரை கேட்கிறாரு."

"மங்குச் சந்து துரைக்கு எதுக்கு அத்தான்?"

"துரைசாணிக்கு வாங்கிட்டுப் போகலாம்ல? எல்லாத்தையும் நான்தான் சொல்லணும்!"

கிரிகரி மங்குச் சந்துக்குப் போனான். துரை வரும்போது கடைக்காரன் முகம் கொடுத்துப் பேச வேண்டுமே என்று ஒரு கூடை மங்கும் வாங்கினான். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. நாலு மங்கு வாங்கவா துரை டிரங்க் கால் போடுவார்?

மறுநாள் காலை ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போய், பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமியைப் பிடித்தான். தம்புசாமி ஒரு வெள்ளைக்காரக் கிளப்பில் பரிமாறுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை சட்டையெல்லாம் தெறித்தது.

"மங்கா? ஐயோ தம்பி! அது ஒரு வெளையாட்டுலா. நீளமாப் பலகை போட்டிருப்பாங்க. அந்தக் கடைசியில மரத்துல செஞ்ச போத்தல் வரிசையா நிக்கும். இந்தப் பக்கத்துலேர்ந்து மரப் பந்தை உருட்டி விட்டுத் தள்ளணும். எங்க கிளப்புல இருக்கு. துரைங்க சாயங்காலம் ஆனா அதுலதான் கெடப்பாங்க."

"கிள்ளான்ல எங்க அண்ணே இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல தம்பி."

திரும்பி வரும் ரயிலில் கிரிகரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தே வந்தான். கிள்ளானில் இருக்கிறது என்று துரை சொல்கிறார். இல்லை என்று சொன்னால் துரையைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகும்.

"துரை இருக்குன்னு சொன்னா இருக்கணும் மாப்ளே. இல்லைன்னா நாம உண்டாக்கணும்" என்றார் செபாஸ்டியன். "நம்ம கொல்லைப்புறம் நீளமாத்தானே கிடக்கு?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமாகிவிட்டது. நடுவில் நின்ற கோழிக்கூட்டை அக்கா திட்டத் திட்டப் பெயர்த்தார்கள். கோழிகள் சமையலறையில் குடியேறின. சீனத் தச்சன் கடையில் போத்தல் மாதிரி மரம் கேட்டதற்கு அவன் கட்டில் கால்களைக் கொடுத்தான். உருட்டிப் பார்க்க முதலில் கிடைத்தது தேங்காய்தான். அது பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அப்புறம் அதே தச்சனிடம் மரப் பந்து ஒன்று கடைந்து வாங்கினார்கள்.

பலகைகள் லோரியில் வந்தன. லோரிக்காரர் நல்ல உயரம். கை ஒவ்வொன்றும் உலக்கை போல இருந்தது. அவர் பலகைகளை இறக்கிவிட்டுத் தயங்கி நின்றார்.

"நான் கிளம்பட்டுமாண்ணே? இன்னிக்கு என்னைத் தேடி ஒரு ஆள் வீட்டுக்கு வருவாருன்னு சொல்லியிருக்காங்க."

"அதெல்லாம் யாரும் வர மாட்டாங்க!" என்றான் கிரிகரி. "பலகையை அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்கண்ணே. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பலகை கட்டி வந்த கயிற்றை வேலியில் மாட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் ஆலி தயாராகிவிட்டது. கட்டில் கால்கள் வரிசையாக நின்றன. செபாஸ்டியன் உருட்டிய பந்து துணி துவைக்கும் கல்லில் மோதியது. கிரிகரி உருட்டியது சமையலறைக்குள் போய்க் கோழிகளைக் கிளப்பியது.

"நான் ஒரு கை பார்க்கட்டாண்ணே?" என்றார் லோரிக்காரர்.

பந்தை வாங்கியவர் பலகைப் பக்கம் போகாமல் கிணற்றடிவரை பின்னால் நடந்தார். திரும்பி ஓடி வந்தார். கை தலைக்கு மேலே சுழன்றது. பந்து பலகையில் ஒரே ஒரு குத்து குத்தி எழும்பி, நடுக் கட்டில் காலைப் பெயர்த்து எறிந்தது. அந்தக் கால் பறந்துபோய் மங்குக் கூடையில் விழுந்தது. ஒரு மங்குகூடத் தப்பவில்லை.

"ஐயோ, என் மங்கு!" என்று அலறினாள் அக்கா. அவற்றைத் தனக்கென்று அவள் எடுத்து வைத்துவிட்டது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கிரிகரிக்குத் தலைக்கேறியது. "உருட்டச் சொன்னா எறியறீங்களே! பௌலிங்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? துரை வர்ற நேரம். வெளிய போங்க முதல்ல!"

"ஓடி வந்து போட்டே பழகிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு லோரிக்காரர் சத்தம் போடாமல் போய்விட்டார்.

கட்டில் காலை ஆணி அடித்து ஒட்டவைத்தார்கள். கிரிகரி குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போய்த் துரையைக் கையோடு அழைத்து வந்தான். கொல்லைப்புறக் கதவைத் திறந்தபோது அவன் கண் முன்னால் பெரிய கிராணியின் நாற்காலியும், அதற்குப் பக்கத்தில் காப்பியோடு ரோசலினும் தெரிந்தார்கள்.

"இது என்ன, கிரிகரி?"

"பௌலிங் ஆலி, சார்! துரை கேட்டது!"

துரை பலகையைச் சுற்றி வந்தார். கட்டில் காலைத் தொட்டுப் பார்த்தார். அதன் மேலே உட்கார்ந்திருந்த கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடியும் வெளுத்தது.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா ஆள் எங்கே?"

"எந்த ஆள், சார்?"

துரை வாயைத் திறப்பதற்குள் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டேய் தம்பி, நீ விரட்டினியே அந்த லோரிக்காரரு, இப்பதான் வந்து கயிறை எடுத்துட்டுப் போறாரு. யாரோ ஈப்போ துரை, நாளைக்கு மேட்சுக்குப் பந்து போட ஆள் அனுப்பிக் கூப்பிடுறேன்னு சொன்னாராம். ஆளே வரலையாம். அதனால கிள்ளான் கட்சிக்கே போடுறேன்னு ஒத்துக்கிட்டாராம். பாவம், நல்ல மனுஷன்டா. பேரு ஆலியாம்!"