பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் சங்கிலி

அன்புள்ள எவாந்தியா அத்தைக்குத் தனாயி எழுதுவது. கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். வோலோஸில் நீங்களும் மாமாவும் நலமா? ஏதென்ஸில் நாங்கள் நலம். கல்வித் துணை அமைச்சரான பிறகு உங்கள் தம்பி ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார்.

அன்று நீங்களும் அப்பாவும் நாடாளுமன்றச் சதுக்கத்தில் கூடாரம் போட்டு, "சிக்கனம் ஒழிக" என்று அம்மாவின் பருப்புப் பானையைத் தட்டி நெளித்தீர்களே, அது வீண்போகவில்லை. கூடாரம் கட்சியானது, கட்சி அரசானது, அரசு இப்போது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணத்தை வெட்டும் அதே சிக்கனத்தை இன்னும் அழகான சொற்களில் அறிவிக்கிறது. எங்கள் பள்ளியை மூடும் ஆணையில் அப்பாதான் கையெழுத்திட்டார். "மூடுறதுன்னு சொல்லாதம்மா, அது பழைய அரசாங்கத்து வார்த்தை. இது ஒருங்கிணைப்பு," என்கிறார்.

நம் நாட்டுப் பள்ளிகளின் வழக்கம்போல மாணவர்கள் நாங்கள் கூடி, கையுயர்த்தி வாக்களித்துப் பள்ளியைக் கைப்பற்றினோம். வாயிற்கதவுக்குச் சங்கிலி வேண்டுமே. எங்கள் வீட்டுக் கிடங்கிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அத்தை. அன்றைய போராட்டத்தில் நிதி அமைச்சக வாசலில் அப்பா போட்டுப் பூட்டிய அதே சங்கிலி. நீங்கள் சிவப்புச் சாயம் பூசியது. விருந்தாளிகளுக்கெல்லாம் தடவித் தடவிக் காட்டுவாரே, அது.

இன்று தொலைக்காட்சியில் அதைக் கிட்டத்தில் காட்டினார்கள். அடுத்து அப்பாவே திரையில் தோன்றி, "பசங்கள யாரோ தூண்டி விடுறாங்க. அந்த ஆளக் கண்டுபிடிப்போம்," என்றார். எங்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அம்மா நெளிந்த பானையிலிருந்து பருப்பு சூப்பை ஊற்றிக்கொண்டே, "கண்ணாடியப் பாரு ஸ்டிராட்டி, அங்கதான் நிப்பான்," என்றாள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து கிடங்குக்குப் போனார். இப்போதும் பெட்டிகளை உருட்டும் சத்தம் கேட்கிறது.

திங்கட்கிழமை போலீஸ் வந்து சங்கிலியை வெட்டுமாம். பூட்டின் சாவி என் காலுறைக்குள் இருக்கிறது. அதைக் கொடுத்தால் பள்ளி போய்விடும். கொடுக்காமல், போலீஸ் சங்கிலியை வெட்டி எடுத்துப்போய், அது யார் வீட்டுடையது என்று வெளியே தெரிந்தால் அப்பாவின் பதவி போய்விடும். அழுகை அழுகையாக வருகிறது. நீங்கள் ஒரு தடவை அப்பாவிடம் பேசினால்... யாரோ கதவைத் தட்டு—

பின்குறிப்பு: கதவைத் தட்டியது அப்பாதான். பதவியைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், அது போய்விட்டது. சற்றுமுன் அறிவித்த புதிய அமைச்சரவையில் அவர் பெயர் இல்லையாம். ஆகவே இன்றிரவு முதல் அவர் மறுபடி போராளி. "சங்கிலி எங்கடி? விடியறதுக்குள்ள கட்சி ஆபீஸப் பூட்டணும்," என்றார். இருக்கும் இடத்தைச் சொன்னேன். "சரி, சாவியக் குடு. நீங்க கயிறு கட்டிக்கோங்க," என்றார். அப்படியென்றால் பள்ளி என்னாவது என்று கேட்டேன். "அத கட்சி மாநாட்டுல பேசிக்கலாம்," என்றார்.

சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் காலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமாவுக்கு என் முத்தங்கள். திங்களுக்குள் வாருங்கள், அத்தை. இதை அப்பாவோ போலீஸோ எப்படியும் வெட்டிவிடுவார்கள், அதனால் வரும்போது இன்னொரு சங்கிலி கொண்டுவாருங்கள். சாயம் வேண்டாம்.