ஏழாவது தொன்னை

நான் அறம் கற்பிக்கிறவன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் காது சூடாகும்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் ‘உலகளாவிய அறம்’ என்று எல்லாத் துறைக்கும் ஒரு பொதுப்பாடம். நான் தற்காலிக விரிவுரையாளர். இயற்பியல், வணிகவியல், கணினி எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பாதி தூங்கும். (மீதியை நான் தூங்கவைப்பேன்.) பாடம் தேறுமா என்று பார்க்க பிரின்சிபால் மேடம் வருவதாக இருந்தது. பாடம் போனால் என் வேலையும் போச்சு. பயத்தில் எல்லாத் துறைக்கும் ஒரே கேள்வி கொடுத்தேன்: உலகத்தில் இத்தனை பேர் பசித்திருக்க, சோறு ஏன் வீணாகிறது? பௌர்ணமி கிரிவலத்தில் பார்த்து, படம் எடுத்து வாருங்கள்.

நானும் நடந்தேன். அடி அண்ணாமலையில் மலைக்கு மேலே நிலா ஏறியது. கற்பூர வாசனை. கால் நடக்கிறதா மிதக்கிறதா தெரியாத ஒரு கிறக்கம். வழியெல்லாம் அன்னதானம். “வாங்கிக்கங்க சாமி” என்று தொன்னையை நீட்டினால் எப்படி மறுப்பது, பிரசாதமாச்சே! புளியோதரை, தயிர்சாதம், சுண்டல், மறுபடி புளியோதரை... ஆறு தொன்னை உள்ளே போய்விட்டது. ஏழாவது சாம்பார் சாதம். தொண்டைவரை சோறு. நிலாவை ரசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று, கையை மட்டும் பின்னால் விட்டு அதை ஒரு மதில்மேல் வைத்துவிட்டு நழுவினேன்.

திங்கட்கிழமை. முன்வரிசையில் மேடம். கணினித் துறை கவிதா திரையில் ஒரு படம் போட்டாள். நிலா, மதில், யாரோ ஒருவன் முதுகு, பின்னால் நீண்ட கையில் தொன்னை.

“யாருன்னு தெரியல சார். பின்னாடிலேர்ந்துதான் எடுத்தேன்.”

நான் விட்டேனா? “பாருங்க! கண்ணு நிலாவுல, கை குப்பையில! இவனெல்லாம் படிச்சவனா?” என்று வெளுத்து வாங்கினேன். (என் முதுகை நான் எங்கே பார்த்திருக்கிறேன்!)

“இன்னொரு படத்த அப்பறம் என்கூட வந்த தம்பி எடுத்திருக்கான் சார், நானே இன்னும் பாக்கல” என்று அடுத்ததைத் தட்டினாள். அதில் அவன் திரும்பியிருந்தான். சாட்சாத் நானேதான்.

ஓடிவிடலாமா என்றிருந்தது. “நான்தான் மேடம். வேணாம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றேன்.

“கேட்டுட்டுதான குடுக்கணும்? குடுத்தவங்க தப்பு!” என்றது வணிகவியல். “வாங்கனவர் தப்பு” என்றது இயற்பியல். பிடித்துக்கொண்டது சண்டை. மணி அடித்தும் ஒருத்தரும் எழவில்லை. ஒருத்தர்கூடத் தூங்கவில்லை.

மேடம் எழுந்தார். “பாடம் இருக்கட்டும். அந்தப் படமும் வருசா வருசம் இருக்கட்டும்.”

இருக்கிறது. கதை வீட்டுக்கும் எட்டிவிட்டதால், மகள் சோற்றை மிச்சம் வைத்தால் என்னால் திட்ட முடிவதில்லை. நான் வாயைத் திறந்தாலே எழுந்து, முதுகைக் காட்டி, நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறாள். சமையலறையிலிருந்து என் மனைவி கேட்கிறாள்: “என்னடி, நிலா வந்துடுச்சா?”