போட்டாதாங் கயிற்று வாக்கெடுப்பு

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. யாங்கோன் போட்டாதாங்கில், லிஃப்ட் இல்லாத ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில், பால்கனிகளிலிருந்து தெருவுக்குத் தொங்கும், கீழேயிருந்து இழுத்து மணியடித்துச் சாமான் ஏற்றுகிற மணிக்கயிறுகளை அறுத்துவிட வேண்டும் என்று குடியிருப்போர் வாக்களித்தார்கள்.

வாக்கெடுப்பை நடத்தியவர் சங்கத் தலைவர் ரமேஷ்குமார். கயிறு ஜெயிக்கும் என்று நம்பித்தான் நடத்தினார். கயிற்றில் ஏறும் மொஹிங்கா நூடுல்ஸின் மீன் குழம்பு தலையில் சொட்டுகிறது என்று தினமும் சத்தம் போடும் கீழ்த்தள மளிகைக்கடை அமீர் அலியை அதோடு அடக்கிவிடலாம் என்பது திட்டம். த்வாண்டே ஊர் மண்பானைக்குள் ஆளுக்கொன்று போட வேண்டும்: கயிறு வேண்டுமென்றால் பச்சைப்பயறு, வேண்டாமென்றால் உளுந்து. பானையைக் கவிழ்த்தால் உளுந்தாகக் கொட்டியது.

ரமேஷ்குமாருக்கு வீடு ஆறாம் மாடி, முழங்கால் தேய்மானம். காலை மொஹிங்கா, செய்தித்தாள், மாத்திரை எல்லாம் கயிற்றில்தான் ஏறி வந்தன. அறுத்தால் சாப்பாடு போகும். அறுக்காவிட்டால் தலைவர் பதவி போகும்.

"எப்ப அறுக்கப் போறீங்க, கோ ரமேஷ்?" என்று பர்மிய வழக்கப்படி 'கோ' என அண்ணன் முறை வைத்துக் கீழேயிருந்து கூவினார் அமீர் அலி.

"மக்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன் பாய் நான். முதல்ல ஒரு குழு போடுறேன்."

"குழு எதுக்கு?"

"எதெல்லாம் கயிறுன்னு முடிவு பண்ண வேணாமா?"

குழு கூடி, துணி காயப்போடும் கொடியும் கயிறுதான் என்று தீர்மானித்தது. மூன்றாம் மாடி கமலாட்சி ஈரத்துணி வாளியோடு படியேறி வந்தாள்.

"இதை உங்க தலையில காயப்போடட்டுமா தலைவரே?"

அவளைச் சமாதானப்படுத்த, கொடிகளை விட்டுவிட்டு, மணிக்கயிறுகளை மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கும்படி சுருட்டி வைக்கச் சொன்னார். மொஹிங்கா விற்பவர்கள் எம்பி எம்பிப் பொட்டலத்தை மாட்டப் பார்த்தார்கள். அமீர் அலியின் தலையில் முன்பு சொட்டியது, இப்போது கொட்டியது.

"போட்ட உளுந்தை எண்ணினீங்களா, இல்ல வடை சுட்டுத் தின்னுட்டீங்களா?" என்று அமீர் அலி தெருவே கேட்கக் கத்தினார்.

அது ரமேஷ்குமாருக்கு உறைத்தது. கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் தன் கயிற்றை அறுத்தார். கொஞ்சம் கண் கலங்கியது. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக இறங்கி, வரலாற்று நாயகன் போல அறுத்துக்கொண்டே போனார்.

"நெசமாவே அறுக்கிறீங்களா?" என்று வாயைப் பிளந்தாள் கமலாட்சி. இரண்டாம் மாடியில் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கீழே அமீர் அலி தலையில் கை வைத்திருந்தார்.

"என்ன காரியம் செஞ்சீங்க! என் கடையில பாதி வியாபாரம் அந்தக் கயித்துலதானே!"

குழம்பிப்போன ரமேஷ்குமார், மூச்சு வாங்க ஆறு மாடியும் ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தார். மனைவி சாந்தகுமாரி ஒரு காலித் தூக்குச்சட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"பாய் வீடு வீடா வந்து கேட்டாரு. போனாப் போகுதுன்னு நானும் உளுந்துதான் போட்டேன். நீங்க தலைவரா இருக்கிற வரைக்கும் எதுவும் நடக்காதுன்னு நம்பித்தானே பாய் உள்பட எல்லாரும் போட்டோம்!"

ரமேஷ்குமார் தூக்குச்சட்டியோடு மறுபடி படியிறங்கினார்.