மேஸ்திரியின் மூக்கு

நான்காவது குப்பியையும் மூக்கருகே கொண்டுபோய் ராஜவேலு மூச்சை ஆழமாக இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மேலே ஒட்டிய சீட்டில் மருமகளின் கையெழுத்தில் 'கிராம்பு' என்று தெளிவாக எழுதியிருந்தது. உள்ளே வெள்ளைப் பஞ்சும் இருந்தது. வாசனையைத்தான் காணோம்.

முதலில் சிவப்பு மூடி, காபி. அடுத்து மஞ்சள் மூடி, சோப்பு. பிறகு பச்சை மூடி, எலுமிச்சை. இப்போது இந்த நீல மூடி. எதிலும் எதுவும் இல்லை.

மருமகள் ஹரிணி பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். மூளை, நரம்பு நோய்களைப் பற்றி அவளைப் போன்ற டாக்டர்களுக்கு வேலூரில் பயிற்சி வைத்திருந்தார்கள். போய் வந்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. சற்று முன்புதான் போனில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கை நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசன தெரியாம போய்டுமாம்டி. நடந்தா ஒரு கை வீசாது. நம்ம சென்டர்லயே கண்டுபிடிச்சுடலாம். குப்பியெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன். மொதல்ல எங்க மாமாவுக்குத்தான் பண்ணிப் பாக்கணும்."

ராஜவேலு அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. "வாசன தெரியாதவங்க எல்லாருக்கும் அந்த நோய்னு அர்த்தமில்ல" என்று அவள் அடுத்துச் சொன்னது அவர் காதில் விழவில்லை. அதற்குள் அவர் அவளுடைய அறைக்குள் புகுந்து முதல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவருக்கு மூக்கு என்பது சாதாரண உறுப்பு அல்ல. தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்தே ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று சொல்வார். ஆம்பூரில் இன்றைக்கும் அவருக்கு 'மூக்கு மேஸ்திரி' என்றுதான் பெயர். முதலாளியே எழுந்து நின்று பேசிய மூக்கு அது.

அது போனது பெரிதல்ல. அதன் பின்னால் வரப்போவதுதான் பெரிது. அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டே கிடந்தார். ஊருக்குக் குளிர்ஜுரம் என்று சொல்லிச் சமாளித்தது இதே ராஜவேலுதான். இப்போது அதே வியாதி அவருக்கும் என்றால் ஊர் என்ன பேசும்? வம்சத்தோடு வருகிற நோய் என்று பேசும். நாளை ஞாயிற்றுக்கிழமை. மகள் சௌந்தர்யாவைப் பெண் பார்க்கச் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வருகிறார்கள்.

குப்பிகளை இருந்தபடியே வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். மனைவி கங்கம்மாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேல் குனிந்து இழுத்தார். பூண்டு வாசனை வந்தது போலிருந்தது. ஆனால் வந்தது வாசனைதானா, இத்தனை வருஷம் ரசம் சாப்பிட்ட ஞாபகமா?

"இன்னாங்க இது, சட்டிக்குள்ள மூஞ்சிய வுடறீங்க?"

"ரசத்துல பூண்டு போட்டியா?"

"கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"அதான். கண்ணால பாத்துட்டேன்" என்று ராஜவேலு பெருமூச்சு விட்டார். கண் பார்த்துவிட்ட பிறகு மூக்கு சொல்வதை எப்படி நம்புவது?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. தோல் ஷாப்புக்குக் கிளம்பினார். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு வீசி வீசி நடந்தார். தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஷாப் வாசலில் பதனிடாத பச்சைத் தோல் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. பழைய தோஸ்த் நிசார் அஹமது நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ராஜவேலு, குடியரசு தின அணிவகுப்புல சேந்துட்டியா?"

"அத வுடு. நாத்தம் வருதா பாரு."

நிசார் இழுத்துப் பார்த்தார். "இன்னா நாத்தம்?"

"தோல் நாத்தம்பா!"

"ஒண்ணும் வரலியே. நல்ல காத்துதான் வீசுது."

ராஜவேலுவும் இழுத்தார். அவருக்கும் நல்ல காற்றுதான் வந்தது. லாரியோடு வந்த வெளியூர் டிரைவரோ, துண்டால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு சாக்கடையோரம் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

ராஜவேலு டிரைவரையும் நிசாரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம் நிசார், அவனுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. பேரன் பேத்தி எடுத்தவன்.

"ஒடம்ப ஜாஸ்தி அலட்டிக்காத நிசாரு" என்று கண்கலங்கி அவர் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"எனக்கின்னாடா ஆச்சு?" என்று நிசார் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், மூக்கு அடைத்திருந்தால் திறக்கட்டும் என்று யூகலிப்டஸ் தைலத்தைப் பஞ்சில் நனைத்து இரண்டு துவாரத்திலும் ஏற்றினார். கண்ணில் தீப்பொறி பறந்தது. தும்மல் ஓய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூக்கு மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, உள்ளே மரத்தும் போனது. இரவுச் சாப்பாட்டில் ரசமும் மோரும் ஒன்றாகவே இருந்தன. கொஞ்சநஞ்சம் இருந்ததும் இப்போது போய்விட்டது.

இனி ஒரே வழிதான். சிவப்பு காபி, மஞ்சள் சோப்பு, பச்சை எலுமிச்சை, நீலம் கிராம்பு. சின்ன வயதில் வாய்ப்பாடு படித்தது போல முணுமுணுத்துக்கொண்டே படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரம் என்று சுகாதார நிலையத்திலிருந்து ஹரிணிக்கு அழைப்பு வந்தது. "மதியத்துக்குள்ள வந்துடறேன் மாமா" என்று ஓடினாள். ராஜவேலுவுக்கு உயிர் வந்தது. அந்த உயிர் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் வரைதான் நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா சம்பத், ஓய்வு பெற்ற தாசில்தார். எடைபோடுகிற பார்வை. அவர் மனைவி நீட்டிய பையை ராஜவேலு வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அடடா, மல்லிப்பூ வாசன கமகமன்னு தூக்குது!"

அந்த அம்மாள் விழித்தாள். "அது ஆற்காட்டு மக்கன் பேடாங்க, ஸ்வீட்டு. பூவு இந்தப் பையில இருக்குது."

சம்பத்தின் பார்வை ராஜவேலுவின் சிவந்த மூக்கில் வந்து நின்றது.

"மூக்கு மேஸ்திரின்னு சொன்னாங்களே… மூக்குல ஏதாச்சும் கோளாறா?"

ராஜவேலுவின் முதுகு நிமிர்ந்தது. இத்தனை வருஷத்து மானம். மகள் கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு நிற்கிறாள்.

"கோளாறா? எங்க வம்சத்துலயா? கங்கா, அந்தக் குப்பிங்கள எடுத்தா!"

"அதெல்லாம் ஹரிணி தொடக்கூடாதுன்னு…"

"எடுத்தான்னா!"

குப்பிகள் வந்தன. ராஜவேலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கினார். "இது எங்க மருமக டாக்டரம்மாவோட பரிட்ச. புது ஆராய்ச்சி. இதுல வாசன தெரியலன்னு வெச்சுக்குங்க, மூள நரம்புல நோய் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். பத்து வருஷத்துல கையி காலு எல்லாம் நடுங்கும். நீங்களே பேரை மறைச்சு நீட்டுங்க. நான் கண்ண மூடிக்கிறேன்."

சம்பத் சீட்டை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார். ராஜவேலு இமையை நூலளவு திறந்து மூடியின் நிறத்தைப் பார்த்தார். சிவப்பு.

"காபி!"

அடுத்தது நீலம். "கிராம்பு! நல்ல காரமான கிராம்பு."

பச்சை. "எலுமிச்சம்பழம். இப்பத்தான் நறுக்கினா மாதிரி."

மஞ்சள். "சோப்பு!"

சம்பத் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். எல்லாம் சரி. வியப்போடு சிவப்பு மூடிக் குப்பியைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். இழுத்தார். புருவம் சுருங்கியது. மறுபடியும் இழுத்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை ராஜவேலு கண்ணெதிரே பார்த்தார்.

"இன்னாங்க, வாசன வருதில்ல?"

"வராம? காபி… ஆமாமா, காபியேதான்" என்றார் சம்பத். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அவர் மனைவி வாங்கி மோந்தாள். கணவனைப் பார்த்தாள். அவசரமாகத் தலையாட்டினாள். "எங்கூட்டு காபி மாதிரியே இருக்குதுங்க."

மாப்பிள்ளைப் பையனும் மோந்தான். எச்சிலை விழுங்கினான். "சிக்கரிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

கங்கம்மாளும் விடவில்லை. மோந்து பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "டிகிரி காபி" என்றாள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சம்பத் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, விரல்கள் நடுங்குகின்றனவா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார். திடீரென்று எழுந்தார்.

"நல்ல காரியத்த எதுக்குத் தள்ளிப் போடணும்? பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. டாக்டரம்மா வர்றதுக்குள்ள… இல்ல, நல்ல நேரம் போறதுக்குள்ள தட்ட மாத்திக்கலாம்."

"பொண்ண இன்னும் நீங்க பாக்கவே இல்லியே?" என்றாள் கங்கம்மாள்.

"போட்டோல பாத்தோம். போதும்மா!"

ராஜவேலு மறுப்பாரா? வியாதி வெளியே தெரிவதற்குள் மகள் கரையேறிவிட்டால் போதும். மக்கன் பேடாவும் மல்லிப்பூவும் வெற்றிலை பாக்கும் தட்டில் ஏறின. இரண்டு தகப்பன்மாரும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்தார்கள். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. யார் கை நடுங்குகிறது என்று இருவருமே கேட்கவில்லை. மாற்றி முடித்ததும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் பிரிசில்லா கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா அனுப்புனாங்க சார். வாசன எண்ணெயெல்லாம் இப்பத்தான் வேலூர்லேந்து வந்து சேந்துச்சு, நேத்துலேந்து வெறும் பஞ்சோட கெடக்குதே, அந்த நாலு குப்பிய எடுத்துக் குடுங்க, ஊத்திட்டுப் போறேன்."